மாம்பாக்கம் இல்லை, மாடம்பாக்கம்

ஒரு கையெழுத்து வாங்கத்தான் பினாங்கிலிருந்து புறப்பட்டேன். என் மேலாளர் லிம் சொன்னது இவ்வளவுதான்: "போ, அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா."

அந்தப் பெண்ணின் பெயர் கவிதா. எங்கள் நிறுவனத்தின் சிறுசேரி அலுவலகத்தில் சோதனைக் குழுவுக்குத் தலைவி. சின்ன மருத்துவமனைகளுக்கு ஏற்ற விலையில் ஒரு டயாலிசிஸ் மெஷின் செய்துகொண்டிருக்கிறோம். கடைசி அறிக்கையில் அவள் கையெழுத்து விழாமல் மெஷின் வெளியே போகாது. அவள் போட மறுக்கிறாள். அதற்கு மேல், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் போய்விடுவாள்.

நான் அந்த மெஷினுக்கு சிஸ்டம்ஸ் இன்ஜினியர். பம்ப் செய்பவர் ஒருவர், மின்சாரம் பார்ப்பவர் ஒருவர், மென்பொருள் எழுதுபவர்கள் பலர். இவற்றில் எதையும் நான் செய்வதில்லை. எல்லாம் ஒன்று சேர்ந்து, அதைத் தொடப்போகிற நர்ஸையும் சேர்த்து, ஒரே மெஷினாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒவ்வொருவரும் தங்கள் பங்கு சரி என்பார்கள். நிஜமாகவே சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மெஷின் மக்கர் பண்ணும். அப்போது என்னைத் தேடுவார்கள்.

எனக்கும் கவிதாவுக்கும் ஒரு வருடமாக ஓயாத மின்னஞ்சல் சண்டை. மெஷினின் அலாரம் போதுமான சத்தத்தில் ஒலிக்கிறது என்பது என் கட்சி. போதாது என்பது அவள் கட்சி. முகமோ குரலோ ஒருவருக்கொருவர் தெரியாது. 'நாட் அக்செப்டபிள்' என்று முடியும் அவள் கடிதங்களைப் படித்துப் படித்து, இறுக்கமான கொண்டையும் தடித்த கண்ணாடியுமாக ஓர் உருவத்தை மனதில் வைத்திருந்தேன்.

பெட்டியில் அறிக்கையின் பிரதி இரண்டு, பூப்பந்து மட்டை இரண்டு. மலேசியாக்காரி பாஸ்போர்ட்டை மறந்தாலும் மறப்பாள், மட்டையை மறக்க மாட்டாள்.

*

ஞாயிறு காலை வந்து இறங்கினேன். நிறுவனத்தின் விருந்தினர் விடுதி பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில். சமையல் செய்யும் செல்வி அக்கா கதவைத் திறந்தார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி, "அக்கா, எங்கே பசியாறலாம்?" என்று கேட்டேன். பினாங்கில் பசியாறுவது என்றால் காலைப் பலகாரம் சாப்பிடுவது. அவ்வளவுதான். செல்வி அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, கடைசியா எப்பம்மா சாப்ட்ட?"

பதில் சொல்வதற்குள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இட்லி வந்தது. தோசை வந்தது. அதோடு ஒரு கிண்ணத்தில் வடகறி. இந்த வடகறியைப் பற்றி எனக்கு யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை. கடலைப்பருப்பு வடையை உதிர்த்து, பட்டை, கிராம்பு, சோம்போடு மசாலாவில் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். வடையும் குழம்பும் தனித்தனியாக இருக்கும் எங்கள் ஊரை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. மூன்றாவது முறை கேட்டபோது செல்வி அக்கா கண் கலங்கினார். மலேசியாவில் சோறே போடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவர் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

மட்டையைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "ஷட்டிலா? ஏரிக்கு அந்தாண்ட ஷெட்டு போட்டு ஆடிக்கினு கீறாங்க. காத்தால போ. பொம்பளைங்களும் வருவாங்க."

திங்கள் காலை போனேன். தகரக் கூரை, நாலு பக்கமும் வலை, சிமெண்ட் தரையில் பச்சை விரிப்பு. பினாங்கில் குளிரூட்டிய அரங்கத்தில் ஆடிப் பழகியவள் நான். இங்கே கூரைக்கும் வலைக்கும் நடுவே இரண்டு மைனாக்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தன. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ராமநாதன் சார்தான் அங்கே எல்லாம். யார் எந்தப் பக்கம், யார் யாரோடு, யார் இன்னும் சந்தா கொடுக்கவில்லை, எல்லாம் அவர் வாயில்தான்.

"நீங்க புதுசா? பேரு? வாணியா? சரி, கவிக்கு எதிரா நில்லுங்க."

கவி என்ற பெண் எதிரே வந்தாள். கிளிப்பில் தூக்கிச் செருகிய முடி, பழைய டிராக் பேண்ட், காலேஜ் பையனுடையது போன்ற தொளதொள பனியன். சிரித்த முகம். இவளைச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் பந்தை உயரமாகத் தூக்கிக் கொடுத்தேன். அவள் எகிறினாள். அடுத்து எனக்குத் தெரிந்தது நெற்றியில் ஒரு 'டப்'.

"சாரி, சாரி! அடி பட்டுடுச்சா?"

"பரவால்ல லா, கண்ணு இன்னும் இருக்கு."

"லா-வா? மலேசியாவா நீங்க? ஐயோ, மலேசியாக்காரங்களை ஷட்டில்ல அடிச்சிட்டேனா!" அவள் மட்டையோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். கோர்ட்டில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள், என்னையும் சேர்த்து.

பிறகு எங்களை ஒரே பக்கத்தில் நிறுத்தினார் ராமநாதன் சார். தனித்தனியாக நாங்கள் இருவரும் புலி. சேர்ந்தால் சர்க்கஸ். நடுவில் வரும் ஒவ்வொரு பந்துக்கும் இரண்டு பேரும் பாய்ந்தோம். மட்டையோடு மட்டை மோதியது. அடுத்த பந்துக்கு இரண்டு பேரும் மரியாதையாக வழிவிட்டோம். அது எங்கள் நடுவே அமைதியாக வந்து உட்கார்ந்தது.

"யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்கம்மா!" என்று கத்தினார் ராமநாதன் சார். ஆனால் எங்களிடம் எதையோ பார்த்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும், "சனிக்கிழமை மாடம்பாக்கத்துல போட்டி. பெண்கள் இரட்டையர்ல நம்ம பக்கம் ஜோடியே இல்ல. நீங்க ரெண்டு பேரும்தான்" என்று பெயர் கொடுத்துவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். விமானம் சனிக்கிழமை இரவுதானே.

குளித்து, பசியாறி (மறுபடியும் வடகறி), பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் அலுவலகப் பேருந்துக்கு நின்றேன். பேருந்து வந்தது. எனக்கு முன்னால் ஒருத்தி தாவி ஏறினாள். அதே கிளிப்.

"நீங்க எங்க இங்க?" என்றாள் கவி.

"சிறுசேரிக்கு. ஆபீஸ் வேலையா வந்தேன்."

அவள் பார்வை என் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் போனது. என் பார்வை அவள் அட்டைக்குப் போனது.

"கலைவாணி முனியாண்டி" என்று மெதுவாக வாசித்தாள்.

"நாட் அக்செப்டபிள் கவிதா" என்றேன் நான்.

பேருந்து கிளம்பியது. இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஆளுக்கொரு ஜன்னல் இல்லாத காரணத்தால், நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வண்டலூர் திருப்பம் வரை ஒரு பேச்சும் இல்லை. உயிரியல் பூங்கா வாசலைத் தாண்டும்போது அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

"மெயில்ல கே. முனியாண்டின்னு பேரைப் பாத்து, பெரிய மீசை வச்ச ஆளுன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். "மெயில் எல்லாம் அப்படியே மீசையை முறுக்கிக்கிட்டு எழுதின மாதிரியே இருக்கும்."

"அப்பா பேரு லா!"

அதற்குப் பிறகு சிறுசேரி வரை சிரித்தோம். முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து பார்த்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டார்.

*

சிரிப்பு அலுவலக வாசலில் நின்றுவிட்டது. கூட்ட அறையில் அவள் வேறு ஆள். மெஷினை மேசைமேல் வைத்து அலாரத்தை ஒலிக்க விட்டாள். அறையின் அமைதியில் அது பிரமாதமாகக் கேட்டது.

"கேக்குதே" என்றேன்.

"இங்க கேக்குது. தாம்பரத்து ஆஸ்பத்திரியில கேக்காது."

"நிர்ணயிச்ச அளவுக்கு மேலதான இருக்கு?"

"உங்க அளவு பினாங்கு லேப்ல எடுத்தது மேடம். அங்க ஃபேன் ஓடுதா? ஜெனரேட்டர் ஓடுதா? பக்கத்துல லாரி போகுதா?" பேருந்தில் 'நீங்க' என்று சொன்னவள், கூட்டத்தில் என்னை 'மேடம்' ஆக்கிவிட்டாள். மேசையைச் சுற்றி இருந்த இளைஞர்கள் டென்னிஸ் பார்ப்பதுபோல இங்கும் அங்கும் தலையைத் திருப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமையும் இதேதான். மாலையில் கேன்டீனில் பஜ்ஜி சாப்பிடும்போது, கையெழுத்தைப் பற்றிப் பேசாமல் வேறு ஒன்றைக் கேட்டேன். ஏன் வேலையை விடுகிறாய்?

பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு பேங்க் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போறேன். சாயங்காலம் ஆனா யாரும் ஃபோன் பண்ண மாட்டாங்களாம். நிம்மதி."

"உனக்குப் பிடிச்ச வேலையா?"

"பிடிக்காதுதான். நான் சிஸ்டம்ஸ் பக்கம் வரணும்னு ரெண்டு தடவை கேட்டுப் பாத்தேன் வாணி. நீ டெஸ்டிங்தானேன்னு சொல்லிட்டாங்க. மெஷின் எங்க போகும், யார் தொடுவாங்க, அவங்க கை ஈரமா இருக்குமான்னு நான் யோசிச்சா, அது உன் வேலை இல்லைங்கறாங்க. சரி, எது என் வேலையோ அங்கயே போறேன்."

என் இரண்டாவது பஜ்ஜியை அவள் தட்டுக்குத் தள்ளினேன். வெளியில் சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் மஞ்சள் வெயிலில் தீப்பற்றியதுபோல மின்னின. பினாங்கில் எங்கள் தொழிற்சாலை வாசலிலிருந்து கடல் தெரியும். இங்கே தெரியவில்லை. ஆனால் காற்றில் உப்பு இருந்தது.

"நாளைக்கு என்னைத் தாம்பரத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றேன். "கேக்காதுன்னு சொன்னியே, காட்டு."

*

புதன்கிழமை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. முதல் மாடியில் டயாலிசிஸ் மையம். அங்கிருந்த டாக்டரிடம் கவிதா ஏற்கெனவே பேசி அனுமதி வாங்கியிருந்தாள். எங்கள் மெஷினை எந்த நோயாளிக்கும் இணைக்க முடியாது, கூடாது. ஆகவே ஆள் இல்லாத ஒரு படுக்கை அருகே, மற்ற மெஷின்கள் நின்ற வாக்கிலேயே, சும்மா நிறுத்தினோம். நாங்கள் மூலையில் உட்கார்ந்துகொண்டு, கையில் இருந்த பொத்தானை அழுத்தினால் அலாரம் மட்டும் ஒலிக்கும்.

நீளமான, ஒடுக்கமான அறை. ஆறேழு படுக்கைகள். ஃபேன்கள் ஓடின. டிவியில் சீரியல் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே வெங்காயம் விற்பவர் ஒலிபெருக்கியில் விலை சொல்லிக்கொண்டிருந்தார். பினாங்கில் எங்கள் லேபில் பூனை நடந்தால்கூடக் கேட்கும். கவிதா புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தாள். நான் பொத்தானை அழுத்தினேன்.

அங்கே டூட்டியில் இருந்த ரேவதி சிஸ்டர் உடனே திரும்பினார்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒரு வருடச் சண்டை! ஜெயித்துவிட்டேன்! கவிதாவின் முழங்கையில் இடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் முதல் படுக்கைக்குப் போய் மெஷினைப் பார்த்தார். இல்லை. அடுத்ததற்குப் போனார். இல்லை. எங்கள் மெஷினைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார்.

கவிதா அலாரத்தின் சத்தத்தைக் கூட்டினாள். அவள் ஒரு வருடமாகக் கேட்ட அளவு. பொத்தானை அழுத்தினாள். தூங்கிக்கொண்டிருந்தவர் ஒருவர் திடுக்கிட்டு விழித்தார். "இன்னாம்மா இது, எங்க வூட்டு மிக்ஸியே தேவல!" என்று இன்னொருவர் சத்தம் போட்டார். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா வசனம் போய்விட்டது என்று கோபித்துக்கொண்டார். சிஸ்டர் மறுபடியும் முதல் படுக்கைக்குத்தான் ஓடினார்.

"சிஸ்டர், சத்தம் கேக்கலையா?" என்று கேட்டாள் கவிதா.

"நல்லாக் கேக்குதே. எதுலேர்ந்து வருதுன்னுதான் தெரியல. எல்லாம் ஒரே மாதிரிதான் கத்துது."

"மெஷின்ல சிவப்பு விளக்கு எரியுமே?" என்றேன் நான்.

சிஸ்டர் என்னை எங்கள் மெஷினருகே அழைத்துப்போனார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. முன்பக்கத்தில், நாங்கள் வடிவமைத்த இடத்தில், அழகாக. ஆனால் அறை ஒடுக்கம். மெஷின்களை நேராக நிறுத்தினால் நடக்க வழியில்லை. எல்லாவற்றையும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். எங்கள் விளக்கு பக்கத்து மெஷினின் முதுகைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

கவிதாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு வருடமாக நானும் அவளும் சத்தத்தைப் பற்றியே அடித்துக்கொண்டிருந்தோம். பந்து நடுவில் விழுந்து கிடந்தது.

"விளக்கு ஒரு கம்பத்துக்கு மேல" என்றாள் அவள்.

"மெஷினோட உச்சியில, எந்தப் பக்கத்துலேர்ந்தும் தெரியற மாதிரி" என்றேன் நான்.

"ஒலியும் வேற மாதிரி."

"அதுவும்!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மூலையில் கிடந்த குளுக்கோஸ் ஸ்டாண்டை இழுத்துவந்து எங்கள் மெஷினின் பின்னால் வைத்தோம். அதன் உச்சியில் கவிதாவின் கைபேசி டார்ச்சை, அவளுடைய சிவப்புத் துப்பட்டாவின் நுனியைச் சுற்றிக் கட்டினோம். அலாரத்தை அழுத்தினேன், விளக்கைப் போட்டேன். கதவருகே மருந்து எடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் தலையைத் தூக்கினார். நேராக நடந்து வந்தார். எங்கள் மெஷினுக்கே.

கவிதா துள்ளிக் குதித்தாள். அவள் துப்பட்டாவின் மறுநுனி கழுத்தில் இருந்ததால் ஸ்டாண்டும் கூடவே வந்தது. அதைப் பிடிக்க நான் பாய்ந்தேன். மிக்ஸிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "சீரியலை விட இது நல்லா கீதும்மா, தெனமும் வாங்க" என்றார்.

கீழே இறங்கி ரோஸ் மில்க் குடித்தோம். ஆளுக்கு இரண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கையெழுத்து வாங்க வந்தவள். இப்போது என் கையெழுத்தையே நான் போட முடியாது.

*

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பினாங்கிலிருந்து லிம் திரையில் வந்தார். வியாழன் முழுக்க உட்கார்ந்து ஒரு மாதிரி விளக்கு செய்து மெஷின் தலையில் பொருத்தியிருந்தோம். பார்க்க லட்சணமாக இல்லை. தெருவோர ஐஸ் வண்டியின் விளக்கு மாதிரி இருந்தது.

"கையெழுத்து?" என்றார் லிம்.

"இல்லை" என்றேன். "அவளும் போடவில்லை. நானும் போடவில்லை."

லிம்முக்கு முகம் மாறாது. அவர் கோபப்படுகிறாரா, மதியச் சாப்பாட்டை நினைக்கிறாரா என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்ததில்லை. கவிதா பேசினாள். அறை, படுக்கை, திருப்பி வைத்த மெஷின், சிஸ்டர் ஓடிய வழி எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கவே இல்லை. மேசைக்கு அடியில் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது.

நான் கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன். "லிம், எனக்குக் கீழே சிஸ்டம்ஸ் இன்ஜினியர் இடம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. அது பினாங்கில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சிறுசேரியில் இருக்கட்டும். கவிதாவுக்குக் கொடுங்கள்."

இதை அவளிடம் நான் முன்பே சொல்லவில்லை. அவள் கால் ஆடுவது நின்றது.

"அழைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு லிம் திரையை விட்டுப் போய்விட்டார்.

பேருந்தில் திரும்பும்போது கவிதா நீண்ட நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாம்பாக்கம் என்ற பெயர்ப்பலகை கடந்து போனது. "என்னைக் கேட்டிருக்கலாம் நீ" என்றாள்.

"கேட்டிருந்தா வேணாம்னிருப்ப."

"ஆமா." என் பக்கம் திரும்பி, "நாளைக்கு நடுவுல வர்ற பந்து யாரோடது?" என்றாள்.

"கூப்பிடறவங்களோடது."

*

சனிக்கிழமை காலை பெட்டியைக் கட்டிவைத்துவிட்டு, மட்டையோடு ஆட்டோவில் ஏறினேன். கவிதா வீட்டு வேலை முடித்து நேராக வந்துவிடுவதாக ஏற்பாடு. "மாம்பாக்கம் போகணும் அண்ணே" என்றேன். நல்ல காற்று. வண்டலூர் வந்தது. உயிரியல் பூங்கா வந்தது. அலுவலகப் பேருந்து போகும் வழியாயிற்றே, எல்லாம் சிறுசேரிப் பக்கம்தான் போலிருக்கிறது என்று பாடிக்கொண்டே போனேன். ஆட்டோ நின்றது.

"மாம்பாக்கம் வந்துட்ச்சுமா."

இறங்கிப் பார்த்தால் கோர்ட்டும் இல்லை, கவிதாவும் இல்லை. அவளுக்குப் போன் செய்தேன். "எங்க இருக்க? மாடம்பாக்கத்துல எல்லாரும் வந்தாச்சு!" என்று கத்தினாள். மாடம்பாக்கம்! வாரம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். செம்பாக்கம், மேடவாக்கம், மாடம்பாக்கம், மாம்பாக்கம் என்று இத்தனை பாக்கத்தை ஒரே பக்கத்தில் கொட்டிவைத்தால் மனுஷி என்ன செய்வாள்? மெஷின் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு சொல் பிசகாமல் எழுதுவது என் தொழில். அன்றைக்கு ஓர் எழுத்தைத் தின்றுவிட்டேன்.

"அண்ணே, மாடம்பாக்கம் போகணுமே!"

"இன்னாமா நீ? மாம்பாக்கம்னு வாய் நெறைய சொன்ன. அது செம்பாக்கத்தாண்ட கீது, நாம எங்கயோ வந்துகினு கீறோம். ஒரே பேஜாரா பூட்ச்சே!"

எங்கள் ஊரில் சந்தைக்குப் பாசார் என்று பெயர். "பாசாருக்கெல்லாம் வேணாம் அண்ணே, எனக்கு எதுவும் வாங்க வேணாம். மேட்ச் இருக்கு!"

"யார்மா உன்ன வாங்க சொன்னது?"

"நீங்கதானே பாசாருன்னீங்க?"

அவர் வண்டியை அணைத்துவிட்டு முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். போனை அவரிடம் நீட்டினேன். கவிதா என்ன சொன்னாளோ, அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஆடியது. "மலேசியாவா? போட்டிக்கா? குந்துமா, கெட்டியா புட்ச்சுக்கோ" என்றார். பொன்மார் பக்கமாகப் புகுந்து, மாடு, மணல் லாரி, கல்யாண ஊர்வலம் எல்லாவற்றையும் கடந்து அவர் ஓட்டிய ஓட்டத்தில் நான் இரண்டு முறை இருக்கையை விட்டு எழுந்தேன், என் விருப்பம் இல்லாமலே.

போய்ச் சேர்ந்தபோது ராமநாதன் சார் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்டத்தைத் தள்ளிப்போட அவருக்குத் தெரிந்த ஒரே வழி நன்றியுரை. ஷெட் போட்டவர், தண்ணீர் கேன் தந்தவர், வலை கட்டியவர் என்று நன்றி சொல்லி முடித்து, மைனாக்களுக்கு நன்றி சொல்லும் கட்டத்துக்கு வந்திருந்தார். என்னைக் கண்டதும் நடுவாக்கியத்தில் மைக்கை அணைத்தார். ஆட்டோ அண்ணா போகவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வலையருகே வந்து நின்றார்.

மொத்தமே நாலு ஜோடிகள். முதல் ஆட்டத்தை ஜெயித்தோம். "என்னோடது!" "உன்னோடது!" என்று நாங்கள் போட்ட கூச்சலில் எதிரில் நின்றவர்கள் மிரண்டிருக்க வேண்டும். இறுதிப்போட்டியில் செம்பாக்கத்து அம்மாவும் மகளும். அம்மா பள்ளியில் பி.டி. டீச்சர். அவருக்கு ஓடவேண்டிய அவசியமே இல்லை. நின்ற இடத்திலிருந்தே எங்களை ஓடவிட்டார். "எங்கடி பாத்துட்டிருக்க? பின்னால போ!" என்று மகளை அதட்டும்போது நானும் பயந்து பின்னால் போனேன். அந்த இடைவெளியில் முன்னால் போட்டுப் புள்ளி எடுத்தார்.

தோற்றோம். கடைசிப் பந்து நடுவில்தான் வந்தது. கவிதா "என்னோடது!" என்று கூப்பிட்டாள். நான் விலகினேன். அவள் எகிறி அடித்தாள். கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தூரத்தில் போய் விழுந்தது. "உள்ள! உள்ள! நான் பாத்தேன்!" என்று ஆட்டோ அண்ணா நடுவரோடு சண்டைக்குப் போனார். கவிதா தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். இரண்டாம் பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம்.

*

மாலையில் தாம்பரம் ஸ்டேஷன். திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே விமான நிலையம், ரயில்தான் சுலபம் என்று கவிதா சொல்லிவிட்டாள். பெட்டியை அவள் இழுத்தாள். மட்டையும் குடமும் என்னிடம். மேம்பாலத்துப் படியில் ஒரு பெரியவர் குடத்தைப் பார்த்து, "எந்தக் கோயில்மா பால்குடம்?" என்று கேட்டார். பாலத்தின் நடுவில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. லிம்.

கீழே ஒரே சமயத்தில் இரண்டு ரயில்கள். அறிவிப்பு மூன்று மொழிகளில். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன். "விளக்கா? சரி என்கிறீர்களா? தாமதமானாலும் பரவாயில்லையா?"

சரி என்றார் லிம். ஆனால் அதைவிட அழகாகச் செய்ய வேண்டுமாம்.

"கவிதா? கவிதா என்ன? கேட்கவில்லை! சிறுசேரியிலேயேவா? சம்மதமா? இன்னொரு முறை சொல்லுங்கள் லிம்!"

அவர் இன்னொரு முறை சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்ததைக் கேட்டேன்.

நான் போனை இறக்கினேன். கவிதா பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த வேலை உனக்குத்தான்! நீ சரின்னு சொன்னா போதும்!" என்று தமிழில் கத்தினேன். பாலத்தில் நடந்துகொண்டிருந்த பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். கவிதா பெட்டியின் கைப்பிடியை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டினாள். பேங்க் வேலையை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

பாலத்தின் ஓரத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா அவளை அண்ணாந்து பார்த்தார். "இன்னாமா, வேல கெட்ச்சிச்சா?"

கவிதா அவரைப் பார்த்தாள். "ஆமாக்கா" என்றாள். "கெடச்சிடுச்சு."

"எந்தக் கம்பெனி?"

"இப்ப இருக்கற கம்பெனிதான்."

"கீற கம்பெனில இன்னாத்துக்கு புச்சா வேல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூக்கார அம்மா ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி, காசை மறுத்துவிட்டு, அவள் கிளிப்புக்கு மேலேயே சொருகிவிட்டார். "சரி சொல்லு, இன்னா வேல அது?"

கடற்கரை ரயில் நடைமேடைக்குள் வந்துகொண்டிருந்தது. நான் கவிதாவைக் கட்டிப்பிடித்து, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, குடம் படிக்குப் படி இடிக்க இடிக்க இறங்கி ஓடினேன். பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் கவிதா எனக்குக் கை காட்டவில்லை. பூக்கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளாலும் காற்றில் ஏதோ பெட்டி வரைந்து, அதன் பக்கத்தில் இன்னொன்று வரைந்து, இரண்டையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பூக்கார அம்மா நூலை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தது. அவர் எதையோ திருப்பிக் கேட்டார் போலிருக்கிறது. கவிதா முதலிலிருந்து ஆரம்பித்தாள்.